மாமா காப்பியைக் குடித்துவிட்டார்

என் தாய்மாமன் ஃபவ்வாஸ் கேஸ் லாரி ஓட்டுவதற்கு ஒரே காரணம்தான்: அந்த வேலையில் வாயைத் திறக்க வேண்டியதில்லை. அரபு மலையூரான எங்கள் அஸ்ஸல்த்தில் காய்கறிக்காரன் தக்காளி, தக்காளி என்று தொண்டை கிழியக் கத்தியாக வேண்டும். பழைய இரும்பு வாங்குகிறவனுக்கும் அதே பாடு. கேஸ் லாரிக்கு மட்டும் ஒலிபெருக்கியில் ஒரு பியானோ மெட்டு ஓடும். அதைக் கேட்டதும் பெண்கள் மாடியிலிருந்து கையசைப்பார்கள். மாமா சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டு படியேறுவார், காலி சிலிண்டரோடு இறங்குவார்.

ஒருவர் இருவரிடம் நன்றாகப் பேசுவார். நாலாவது ஆள் வந்து உட்கார்ந்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். தன் நிக்காஹ் அன்றே "சம்மதம்" என்ற ஒற்றைச் சொல் வராமல் திணறி, கடைசியில் எழுந்து போய்ச் சுவரைப் பார்த்து நின்று சொன்னார். காஜியார் தாடியை உருவியபடி யோசித்துவிட்டு, சுவரைப் பார்த்துச் சொன்னாலும் செல்லும் என்று தீர்ப்பளித்தார்.

"இவரு கட்டிக்கிட்டது என்னையா, அந்தச் சுவரையான்னு எனக்கு இன்னமும் சந்தேகம்தான்" என்பாள் நவ்ஃபா மாமி.

நான் பல தேசங்கள் சுற்றிவிட்டு ஊர் திரும்பிய வசந்தத்தில், என் தம்பி சுஹைபுக்கு ரந்த் என்ற பெண்ணைக் கேட்க ஜாஹா போவதென்று முடிவானது. எங்கள் ஆண்கள் கூட்டமாகப் பெண் வீட்டுக்குப் போய் உட்காருவார்கள். எங்கள் சார்பில் பேசுகிறவர் கையில் முதல் கோப்பைக் காப்பியைக் கொடுப்பார்கள். அவர் அதைக் குடிக்காமல் கீழே வைத்துவிட்டு எழுந்து பெண்ணைக் கேட்பார். அந்தப் பக்கத்திலிருந்து ஒருவர் எழுந்து, "தந்தோம், குடியுங்கள்" என்பார். இரண்டு குடும்பமும் எல்லாவற்றையும் முன்பே பேசி முடித்திருக்கும். ஆனாலும் கேட்காமல் குடித்தால் காரியம் கெட்டது.

பேச ஒப்புக்கொண்டிருந்த முன்னாள் எம்.பி., அதே நாளில் வேறு இரண்டு ஜாஹா இருப்பதாகச் சொல்லிக் கைவிரித்துவிட்டார். எங்களுக்கு அப்பா இல்லை. பெரியப்பாவின் மூத்த மகன் பேசினால் இளையவன் வர மாட்டானாம். இளையவன் பேசினால் மூத்தவன் ஊரையே விட்டுப் போவானாம். யார் மனதிலும் பொறாமை கிளப்பாத ஒரே ஆண் என்று ஃபவ்வாஸ் மாமாவைப் பிடித்தார்கள்.

"அக்கா, என்னைக் கொன்னு போட்டுடு. பேச மட்டும் சொல்லாத" என்று அம்மாவின் காலடியில் உட்கார்ந்துவிட்டார்.

"செத்தவனை எப்படிடா கூட்டிட்டுப் போறது? எந்திரி" என்றாள் அம்மா.

அந்த வாரம் முழுக்க மாமா சிலிண்டர்களிடம் பயிற்சி எடுத்தார். லாரியின் பின்பக்கம் நின்று, வரிசையாக இருந்த சாம்பல் நிறச் சிலிண்டர்களைப் பார்ப்பார். முதல் சிலிண்டரை, நிறைந்திருக்கிறதா என்று சோதிப்பதுபோல் இரண்டு தட்டுத் தட்டுவார். பிறகு பிசகில்லாமல் பேச்சு வரும். இறைவனைப் புகழ்வது, இரு குடும்பத்து முன்னோர்களை வாழ்த்துவது, எல்லாம் அழகாக வந்தது.

"இவ்வளவு நல்லாப் பேசுற மனுசன் என்கிட்ட ஏன் பேசறதில்ல?" என்று மாமி கேட்டாள்.

"நீ பதில் சொல்லுவியே" என்றார் மாமா.

வெள்ளிக்கிழமை ரந்த் வீட்டு முற்றத்தில் பந்தலின் கீழ் இரண்டு தரப்பும் எதிரெதிராக உட்கார்ந்தது. பெண்களாகிய நாங்கள் முற்றத்தைப் பார்த்த சமையலறை ஜன்னலில் நெருக்கியடித்து நின்றோம். மாமாவின் கையில் கோப்பை வந்தது. எழுந்தார். எதிரே அத்தனை மீசைகள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. தொண்டையைச் செருமினார். பிறகு ஒரே மடக்கில் காப்பியைக் குடித்துவிட்டார்.

மாமி நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

கோப்பை காலியானதைப் பார்த்ததும், பெண் கொடுத்தாயிற்று என்று காப்பி ஊற்றுகிறவர் பழக்கப்படி வரிசையாக ஊற்றிக்கொண்டே போனார். எங்கள் ஆட்களும் குடித்தார்கள். உள்ளேயிருந்த யாரோ ஒரு அத்தை குலவையிட்டாள்.

"நிறுத்துங்க!" பெண் வீட்டுக்காகப் பதில் சொல்லவிருந்த ஓய்வுபெற்ற பிரிகேடியர் அபூ ராகான் குதித்து எழுந்தார். "யாரு கேட்டது? யாரு கொடுத்தது?"

"நீங்க ஊத்தினீங்க, நாங்க குடிச்சோம். அப்போ கொடுத்தாச்சுன்னுதானே அர்த்தம்?" என்றான் பெரியப்பாவின் மூத்த மகன்.

"கேக்காம எடுத்துட்டுப் போக எங்க பொண்ணு என்ன கொசுறாய்யா?"

"சரி, குடிக்கலன்னு வச்சுக்குங்க."

"வச்சுக்க முடியாது! குடிச்சதைத் திருப்பிக் கொடுங்க!"

"எப்படி? வாந்தி எடுக்கச் சொல்றீங்களா?"

பெண் வீட்டார் நாற்காலிகளை இழுத்துக்கொண்டு எழத் தொடங்கினார்கள். சுஹைபின் முகம் வெளுத்துவிட்டது. இன்றைக்கு இந்தக் கூட்டம் கலைந்தால், அவமானம் என்று பெயர் வைத்து ரந்தை வேறு இடத்தில் கொடுத்துவிடுவார்கள்.

"யாராச்சும் போய்ச் சொல்லுங்களேன், நான் எப்பவோ சம்மதிச்சாச்சுன்னு!" என்று ரந்த் என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

அப்போது மாமா திரும்பி நடந்து, முற்றத்து மஞ்சள் கல் சுவரை மூக்கு உரசும் அளவுக்கு நெருங்கி நின்றார்.

"திமிர்ல குடிக்கல. நாக்கு ஒட்டிக்கிச்சு" என்றார் சுவரிடம்.

"என்னது?" பிரிகேடியர் கொதித்தார். "பட்டாளத்துல இத்தனை வருஷம் எவனும் எனக்கு முதுகைக் காட்டினதில்ல!"

"அவருக்கு ஆளுங்க முகத்தைப் பாத்தா பேச்சு வராதுங்க" என்று மாமி ஜன்னலிலிருந்து கத்தினாள். "என் நிக்காஹ்லயே இதே கூத்துதான்!"

ரந்தின் அப்பா மாமாவின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் நாற்காலியைத் தூக்கி, மறுபக்கம் பார்த்துப் போட்டு உட்கார்ந்தார். "அவ்வளவுதானே? எல்லாரும் திரும்புங்க."

நாற்காலிகள் தரையைக் கீறின. இரண்டு தரப்பும் மாமாவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தது. பிரிகேடியர் மட்டும் நின்று பார்த்தார். அப்புறம் அவரும் முனகிக்கொண்டே திரும்பினார்.

மாமா மெதுவாகத் தலையைத் திருப்பினார். சாம்பல் நிறக் கோட்டு போட்ட முதுகுகள், வரிசை வரிசையாக. அவருடைய தோள்கள் தளர்ந்தன. நேராக நடந்து போய், பிரிகேடியரின் தோளில் இரண்டு தட்டுத் தட்டினார்.

"பதினஞ்சு வருஷமா இந்த வீட்டுக்கு சிலிண்டர் தூக்கறேன்" என்று ஆரம்பித்தார். குரல் பந்தலுக்கு வெளியே போயிற்று. "ரோட்டுலேர்ந்து இவ்வளவு படி. ஏறி வந்தா மூச்சு வாங்கும். ரந்த் சின்னப் புள்ளையா இருக்கும்போது, டம்ளரை ரெண்டு கையால புடிச்சுக்கிட்டு ஓடி வரும். தண்ணி வேணும்னு நான் கேட்டதே இல்ல. கேக்கறதுக்கு முன்னாடியே கொடுத்துரும். இந்த வீட்டுல கேக்காமலே குடிச்சு எனக்குப் பழகிப் போச்சு. தப்பு வீட்டு மேலதான்."

முதுகுகள் குலுங்கின. ரந்தின் அப்பா கர்ச்சீப்பை எடுத்தார்.

"இன்னைக்கு மொத தடவையா வாயத் திறந்து கேக்கறேன். ரந்தை எங்க சுஹைபுக்குக் கொடுங்க."

பிரிகேடியர் எதிரிலிருந்த எலுமிச்சை மரத்தைப் பார்த்தபடி, தயாரித்து வைத்திருந்த நீண்ட பதிலை விட்டுவிட்டுச் சொன்னார்: "கொடுத்தோம். குடிங்க."

காப்பி ஊற்றுகிறவர் புதுக் கோப்பையோடு நெருங்கினார். மாமா கையால் தடுத்தார்.

"இருங்க. முன்னோர்களை இன்னும் வாழ்த்தல."

ஜன்னலில் நவ்ஃபா மாமி பரிமாறக் கையிலெடுத்த குனாஃபா இனிப்புத் தட்டை, சூடு தணியாமலிருக்க மறுபடி அடுப்பில் வைத்தாள்.