ஆபீசருக்காகச் சுத்தம் செய்த வயல்

மைசூர் ரிங் ரோட்டை ஒட்டி எங்கள் கீரை வயல். மார்டள்ளி கிராமத்திலிருந்து வந்த என் மாமனார் வாங்கிப் போட்டது. காலையில் நான் கூடையோடு இறங்கினால்தான் பக்கத்து லேஅவுட்டில் பல வீடுகளில் மத்தியானத்துக்குக் கீரை.

எங்கள் வயலையும் சர்க்காரில் எடுத்து மனையாக்கப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. பயிர் நடக்கிற நிலமென்றால் விட்டுவிடுவார்களாம், சும்மா கிடந்தால் எடுத்துக்கொள்வார்களாம். பார்க்க ஆபீசர் வருகிறார் என்றதும் நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? விருந்தாளி வருகிற வீட்டைப்போல வயலைச் சுத்தம் செய்தோம்! முற்றிய கீரையைப் பிடுங்கி, உழுது, எருவுக்கு ஆட்டுப்பட்டியும் போட்டு வைத்தோம். எங்கள் பக்கத்தில் நிலத்தை நன்றாக வைத்திருப்பது என்றால் அதுதான். அவர் போட்டோ எடுத்தார், மோர் குடித்தார், போனார். பிறகு வந்த மனை வரைபடத்தில் எங்கள் வயல் காலி நிலமாக வந்தது.

நேரே ஆபீசுக்குப் போய் நின்றேன். அவர் அந்தப் போட்டோவையே காட்டி, கன்னடமும் தமிழுமாகக் கேட்டார்.

“இல்லி ஏனிதெம்மா, இங்க என்ன இருக்குது? மண்ணும் ஆடும்தானே இருக்குது. காலி ஜாகா.”

“மறுபடி வந்து பாருங்க சார்.”

வருகிறோம் என்றார். எப்போது என்று மட்டும் சொல்லவில்லை.

“விட்டுத் தள்ளு புள்ள. அவங்களோட மல்லுக்கட்ட நம்மால ஆகுமா?” என்றார் என் வீட்டுக்காரர்.

“நீங்க தண்ணி கட்டுங்க, போதும். மத்தத நான் பாத்துக்கறேன்.”

மொத்தமாக விதைத்தால் மொத்தமாக அறுக்க வேண்டும், மறுபடி வெறும் மண்தான். அதனால் பாத்தி பாத்தியாக விதைத்தேன். ஒன்று அறுப்புக்கு வரும்போது அடுத்தது முளைத்திருக்கும். நடுவில் ஒரு மழை விதையையெல்லாம் அடித்துக்கொண்டு போனது. அழுதேன். அழுதுகொண்டே மறுபடி விதைத்தேன். எங்களுக்கு வேறு நிலம் ஏது?

ஒருநாள் காலையில் கீரையைக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன், ஜீப் வந்தது. அதே ஆபீசர் வரப்பில் நின்று சுற்றிலும் பார்த்தார்.

“இதெல்லாம் நமக்குக் காட்றதுக்குப் போட்டதுதானே?”

“ஆமா சார், காட்டத்தான். ஆனா இன்னிக்கு மத்தியானம் உங்க ஊருதானுங்களே இதத் திங்கப் போகுது? போட்டோவுல ஆடு இருந்துச்சே, அது போட்ட எருவுலதான் இத்தனையும் வெளஞ்சது.”

அவர் கையிலிருந்த காகிதத்தில் எதையோ எழுதினார். நான் நகரவில்லை.

“எழுதுனதப் படிச்சுக் காட்டுங்க சார்.”

என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு படித்தார்: “பெளெ இதெ.”

பயிர் இருக்கிறது. என் வீட்டுக்காரர் மண்வெட்டியோடு அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

நான் கூடையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்குப் போனேன். திரும்பும்போது விதை வாங்கி வந்து, காலையில் அறுத்த பாத்தியில் அன்று சாயங்காலமே தூவினேன். இனி எவர் எப்போது வந்து போட்டோ எடுத்தாலும் எடுக்கட்டும்.