அப்பா போகாத வாய்தா

அப்பா மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவுகளுக்கு அவர் மகள் எழுதுகிறேன். அவருடைய நல்ல குணங்களை மற்றவர்கள் எழுதிவிட்டார்கள். அவர் தோற்ற வழக்கை நான்தான் எழுத வேண்டும்.

நீடாமங்கலத்துக்குக் கிழக்கே, வாய்க்கால் முடிகிற கடைமடை ஊரில் பிறந்தவர் அப்பா. தாத்தா காலத்திலிருந்து குத்தகைக்குச் சாகுபடி செய்த நிலம்தான் எங்களுக்குச் சோறு போட்டது. குத்தகைதாரரை நினைத்தபடி வெளியேற்றக் கூடாது என்று ஊருக்கு ஊர் கூட்டம் நடந்த காலம் அது. நிலக்காரர் முந்திக்கொண்டார். அப்பா சாகுபடிதாரரே இல்லை என்று வழக்குப் போட்டார்.

வாய்தா அன்று காலையில் வாய்க்காலில் தண்ணீர் வந்தது. கடைமடைக்கு அது வருவதே அபூர்வம். நாற்றோ முற்றிக்கொண்டிருந்தது. "கோர்ட்டு எங்கயும் போயிடாது, தண்ணி போயிடும்" என்று சொல்லிவிட்டு மண்வெட்டியோடு வயலுக்குப் போனார். அவர் வராததால் ஒருதலையாக நிலக்காரர் பக்கமே தீர்ப்பானது. அதை நீக்கச் சொல்லிக் கேட்கவும் ஒரு கெடு உண்டு. "பயிர் நிக்குது. யாரு சாகுபடின்னு பாத்தா தெரியாதா?" என்று அதையும் விட்டுவிட்டார். அடக் கடவுளே, கோர்ட்டு என்ன, வயலுக்கு வந்தா பார்க்கும்!

கோர்ட்டு அமீனா வந்து நிலத்தை ஒப்படைக்கச் சொன்னபோதுதான் அப்பாவுக்குப் புரிந்தது. திருவாரூருக்கு ஓடி, வக்கீல் வைத்துப் புதிதாக வழக்குப் போட்டார். சாட்சி சொல்ல ஊரே தயாராக இருந்தது. நீதிபதி சாட்சி வரைக்கும் போகவே இல்லை. வக்கீல் வராந்தாவில் நின்று சொன்னார்: "அதே நிலம், அதே ரெண்டு பேரு, அதே கேள்வி. ஒரு தடவ முடிஞ்சதை மறுபடி விசாரிக்க மாட்டாங்க. தீர்ப்பு தப்பாவே இருந்தாலும் கட்டுப்பட்டுத்தான் ஆகணுங்க."

விவசாயச் சங்கத்துக்காரர்கள் கொடியோடு வந்தார்கள். "அண்ணே, எறங்கி அறுத்துடுவோம். எவன் வர்றான்னு பாத்துடலாம்."

"கூப்பிட்டப்ப போகாதவன் நான். அதுக்கு நீங்க ஜெயிலுக்குப் போவணுமா?" என்று அப்பா மறுத்துவிட்டார். பிறகு அதே வயலுக்கு, வரப்போரம் அண்டை வெட்டக் கூலிக்குப் போனார். அவர்மேல் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. அந்தக் கூலியில்தான் என்னையும் தம்பியையும் படிக்க வைத்தார். பள்ளிக்கு மட்டம் போட்டால் மட்டும் பொறுக்க மாட்டார். "கூப்பிடுற நேரத்துல அங்க இருக்கணும்மா" என்பார்.

கடைசி நாட்களில் அவருக்கு நினைவு தப்பித் தப்பி வந்தது. விடிந்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு, "இன்னைக்கு வாய்தாம்மா, பஸ் போயிடும்" என்பார். இல்லை என்றால் அழுவார். ஒரு நாள் எனக்குத் தாங்கவில்லை.

"வாய்தா முடிஞ்சுதுப்பா. நீங்க போயிருந்தீங்க. நிலம் நமக்குத்தான்னு சொல்லிட்டாங்க."

சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "அவங்க மறுபடி கேஸ் போட்டா?"

"போட முடியாதுப்பா. ஒரு தடவ முடிஞ்சா முடிஞ்சதுதான்."

சட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்தார். அதன்பிறகு வாய்தாவைப் பற்றி அவர் கேட்கவே இல்லை.

அவரைக் குழந்தைபோல் பார்த்துக்கொண்ட செவிலியருக்கும், அம்மாவைத் தனியே விடாத பக்கத்து வீட்டாருக்கும் எங்கள் நன்றி. அப்பாவை எடுத்த அன்றும் வாய்க்காலில் தண்ணீர் வந்தது. மண்வெட்டியை வரப்பிலேயே போட்டுவிட்டு ஊரே அவரோடு நடந்து வந்தீர்கள். உங்கள் எல்லாரையும் கையெடுத்துக் கும்பிடுகிறோம்.