ஜாபிர் தேர்ந்தெடுத்த போர்டு

ஜாபிரைப் போல ஒரு கெட்டிக்கார முட்டாளை நான் பார்த்ததில்லை. சிதம்பரத்தில் பதினேழு வருடமாகக் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறேன். என் கடைக்கு வந்து போனவர்களில் என்னைவிட அதிகம் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். அது எனக்குப் பிடிக்கவில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மங்கலம்பேட்டைக்காரன். பரங்கிப்பேட்டையில் பெண் எடுத்தான். அங்கே பல வீடுகளில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து தங்குவார். அவர் வெளிநாட்டில் சம்பாதித்துவிட்டு வருடத்துக்கு ஒரு மாதம் விருந்தாளியாக வந்து போகிறவரை அந்த வழக்கத்தில் ஒரு குறையும் இல்லை. ஜாபிர் வெளிநாடு போகவில்லை. மாடி அறையில் உட்கார்ந்து அனிமேஷன் செய்துகொண்டிருந்தான். மாமியார் சாய்ரா அவனை ஒருநாளும் திட்டியதில்லை. சோறு வைக்கும்போது மரியாதையாகத்தான் பேசுவார்.

"மாப்ளைக்கு நல்ல துண்டா பாத்து வையி ஃபர்ஹானா. பாவம், மாடிப்படி ஏறி எறங்கி சம்பாதிக்கிறாரு."

மனைவி ஃபர்ஹானா தலையைக் குனிந்துகொண்டே மீனை வைப்பாள். ஜாபிர் சிரித்துக்கொண்டே தின்பான். நானும் ஒருநாள் அங்கே சாப்பிட்டபோது அந்தச் சிரிப்பைப் பார்த்தேன். இவனுக்கு உப்பு உறைப்பே கிடையாது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

போன வருடம் சென்னையில் ஒரு ஸ்டூடியோ அவனுக்குச் சோதனை வேலை ஒன்று கொடுத்தது. பத்து நிமிடப் படம். மாதக் கடைசிக்குள் முடித்துக் கொடுத்தால், வீட்டிலிருந்தே பார்க்கும் நிரந்தர வேலை. அந்தச் சமயம் பார்த்து அவன் கம்ப்யூட்டரில் மதர்போர்டு கருகியது. தப்பு அவனுடையதுதான். அதன்மேல் உட்காரும் பழைய பிராசசரை அது பிறந்த வேகத்துக்கு மேல் முடுக்கி ஓட்டினான். அதற்குப் பெயர் ஓவர்கிளாக். சாதாரண போர்டு அந்தச் சூட்டைத் தாங்காது.

மாற்று போர்டு தேடி இரண்டு பேரும் கடலூர் லாரன்ஸ் ரோடு வரை அலைந்தோம். பெயர் Z எழுத்தில் தொடங்குகிற போர்டில்தான் அந்தப் பிராசசரை முடுக்க முடியும். கடைகளில் இருந்ததெல்லாம் H ரகம். அவன் ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்ப்பான், மின்சாரம் பாயும் பகுதியைத் தடவுவான், மேலே மூடியிருக்கும் அலுமினியத்தின் கனத்தை விரலால் அளப்பான்.

"பொண்ணு பாக்க வந்தவுங்ககூட இவ்ளோ பாக்க மாட்டாங்க சார்" என்றார் கடைக்காரர். "எடுத்துட்டுப் போங்க, ஓடும்."

"ஓடும்ணே. பறக்காது" என்று திருப்பிக் கொடுத்தான்.

கடைசியில் சார்ஜாவில் கிடைத்தது. ஃபர்ஹானாவின் அண்ணன் ஆசிக் அங்கே இருக்கிறான். அவனைப் பழைய சாமான் கடைக்கு அனுப்பி, வீடியோவில் போர்டை ஓடவிட்டுப் பார்த்துத்தான் ஜாபிர் சரி என்றான். ஆசிக் லீவில் வரும்போது போர்டைக் கம்பளியில் சுற்றிக் கொண்டுவந்தான். கூடவே ஒரு விசாவும். "குடோன் வேல மச்சான். மாசக் கடைசிக்குள்ள பதில் சொல்லிடுங்க."

பெட்டி திறந்தது வெள்ளிக்கிழமை. ஆண்கள் ஜும்ஆத் தொழுகைக்குப் போயிருந்தார்கள். வெளிநாட்டுப் பெட்டி என்றால் சொந்தபந்தம் கூடும், எல்லாக் கையும் உள்ளே போகும். சாய்ரா போர்டை எடுத்து, நடுவில் இருந்த கறுப்பு மூடியைக் கழற்றினார். உள்ளே சின்னச் சதுரம், பொன்னாக மின்னியது.

"என்னடி இது, தங்கமா?"

கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தார். நகத்தால் சுரண்டினார். தங்கமில்லை என்று தெரிந்ததும் மூடியைப் போட்டுவிட்டு சென்ட் பாட்டிலை எடுத்துக்கொண்டார்.

மறுநாள் ஜாபிர் போர்டை எடுத்துக்கொண்டு மனைவியோடு என் கடைக்கு வந்தான். புதுத்துணி கட்டிய பிள்ளை மாதிரி முகம். மூடியைக் கழற்றியவன் அப்படியே நின்றான். பிராசசர் உட்காரும் அந்த இடத்தில் ஆயிரத்துச் சொச்சம் ஊசிகள், முடியைவிட மெல்லிசு. மாடு புகுந்த வயல் போல நடுவில் சாய்ந்து கிடந்தன. போர்டை மேசையில் வைத்துவிட்டு முகம் கழுவப் போனான்.

ஃபர்ஹானா அப்போதுதான் பெட்டி திறந்த கதையைச் சொன்னாள். பிறகு கேட்டாள்:

"சரி பண்ண முடியுமாண்ணே?"

"ஒவ்வொண்ணா நிமுத்தணும். நாலஞ்சு நாளு ஆவும். முடியும்."

"முடியாதுன்னு சொல்லிடுங்க."

நான் அவளையே பார்த்தேன்.

"அவுங்க சிரிக்கிறதத்தான் நீங்க பாத்துருக்கீங்க. மேல வந்து கதவச் சாத்திட்டு, தின்னத எல்லாம் வாந்தி எடுக்குறத நான் தெனம் பாக்குறேன். சார்ஜாவுக்குப் போயாச்சும் சோத்த நிம்மதியாத் தின்னட்டும்."

மாதக் கடைசிக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. நிமிர்த்திக் கொடுத்திருந்தால் படத்தையும் முடித்திருப்பான். அவள் பேச்சுக்கு இரங்கினேன் என்று சொன்னால் பாதிப் பொய். இரண்டு வாரமாக அவன் கூடவே அலைந்ததில் அந்த போர்டின் மேல் எனக்கும் ஆசை வந்திருந்தது. என் கடையில் அப்படி ஒன்று இருந்ததே இல்லை.

ஜாபிர் ஈர முகத்தோடு வந்தான். "ஊசி ஒடியலேல்லண்ணே? சாஞ்சதுன்னா நிமுத்திடலாம்."

லென்ஸை எடுத்துக் கண்ணில் வைத்துக்கொண்டேன். "நாலு ஒடிஞ்சிருக்கு தம்பி. கரண்ட் குடுத்தா பிராசசரும் போயிடும்."

லென்ஸைக் கொடுங்கள் என்று கேட்டிருந்தால் நான் பிடிபட்டிருப்பேன். கேட்கவில்லை. என்னை நம்பினான்.

மாதக் கடைசியில் விமானம் ஏறினான். "எனக்கெதுக்கு இனிமே" என்று பிராசசரையும் என்னிடமே கொடுத்துவிட்டுப் போனான். ஐந்து நாள் குனிந்து உட்கார்ந்து ஊசிகளை நிமிர்த்தினேன். ஒன்றுகூட ஒடியவில்லை. இன்று என் கடையில் கல்யாண வீடியோ எல்லாம் அதில்தான் ஓடுகிறது. பறக்கிறது.

போன வாரம் சார்ஜாவிலிருந்து கூப்பிட்டான். சாப்பிட்டாயா என்று கேட்டேன்.

"சாப்புட்டேண்ணே. இங்க சாப்பாட்டுக்கு ஒண்ணும் கொறையில்ல" என்று சிரித்தான். பரங்கிப்பேட்டையில் சாப்பிடும்போது சிரித்த அதே சிரிப்பு. பிறகு சொன்னான்:

"அந்த போர்டத் தூக்கிப் போட்டுடாதீங்கண்ணே. லீவுல வந்து ஒருவாட்டி லென்ஸ்ல பாக்கணும். ஊசி ஒடிஞ்சிருக்காதோன்னு தோணிக்கிட்டே இருக்கு."

"அத எடைக்குப் போட்டு ஆறு மாசம் ஆவுது தம்பி" என்றேன்.

அவன் போனை வைக்கிறவரை, அந்த போர்டு ஓடும் கம்ப்யூட்டரின் ஃபேன் சத்தம் அவன் காதில் விழுந்துவிடக் கூடாதே என்று எழுந்து தெருவுக்கு வந்து நின்றுகொண்டிருந்தேன்.