திரையில் தெரிந்த பாஸ்வேர்டு

புனேயில், ஹடப்சரில் நான் வேலை பார்த்த அலுவலகத்தில் சர்வர்களைக் கவனித்துக்கொண்டிருந்தவர் அவர். எங்கள் தளத்தில் தமிழ் பேசியவர்கள் நாங்கள் இருவர்தான். ஒல்லியான உடம்பு, முழங்கை வரை மடித்துவிட்ட சட்டை. கம்ப்யூட்டரில் எந்த ஸ்கிரிப்ட் நிரல் பாஸ்வேர்டு கேட்டாலும் முதலில் சும்மா நாலு எழுத்தைத் தட்டுவார். அவை திரையில் தெரியவில்லை என்றால்தான் அழித்துவிட்டு உண்மையான பாஸ்வேர்டைத் தட்டுவார்.

அன்று வாடிக்கையாளர்கள் முன்னால், நான் எழுதிய ஸ்கிரிப்டைப் பெரிய திரையில் ஓட்டினார்.

"எக்கோவை ஆஃப் பண்ணிட்டேன் சார், எழுத்து திரையில தெரியாது, தைரியமா அடிங்க" என்றேன்.

என்னைப் பார்த்துச் சிரித்தார். சோதிக்காமலே தட்டினார். பாஸ்வேர்டு முழுவதும் எல்லோர் கண்ணெதிரே திரையில் வந்து நின்றது. எழுத்தை மறைக்கும் வரியை, பாஸ்வேர்டு வாங்கும் வரிக்குக் கீழே எழுதியிருந்தேன்; மறைப்பதற்கு முன்பே அது பாஸ்வேர்டைக் கேட்டுவிட்டது.

இது யாருடைய தவறு என்று மேனேஜர் இந்தியில் கேட்டார். தன்னுடையது என்றார் அவர். நான் தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன். அந்த வாரமே அவரை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

கடைசி நாள் பஸ் நிறுத்தத்தில், "ஏன் சார் என் பேரைச் சொல்லல?" என்று கேட்டேன்.

"சோதிக்காம ஓட்டுனது நான்தானே. உன் பேரைச் சொன்னா ரெண்டு பேர் வேலையும் போயிருக்கும்." பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தார். "ஆமா, அத ஒரு தடவையாவது ஓட்டிப் பாத்தியா?"

"இல்ல சார்."

தலையை மட்டும் ஆட்டினார். வானவடி போகும் பஸ் வந்ததும் ஏறிப் போய்விட்டார்.

என் மேல் அவருக்குக் கோபம் இருந்ததா என்று இன்றும் தெரியவில்லை. மேனேஜரின் அறை என் இருக்கையிலிருந்து பத்தடி தூரம்தான். அதன்பின் இரண்டு வருஷம் அங்கேயே வேலை பார்த்தேன். ஒரு நாளும் உள்ளே போய் உண்மையைச் சொல்லவில்லை.