கடலடியில் திறந்த திண்டுக்கல் பூட்டு

எங்கோ பூமி குலுங்கட்டும் என்று காத்திருப்பதுதான் எங்கள் தொழில்; என்ன வேலை என்று மாமனார் வீட்டில் விளக்க முடியாமல் விழித்தவர்களுக்கு என் கஷ்டம் புரியும்.

தானாகத் திறக்கணும்

அறுபதுகளில் ஓர் ஆராய்ச்சிக் கப்பலில் கருவி உதவியாளனாக இருந்தேன். நிலநடுக்க அதிர்வுகளை நாடாவில் பதியும் கருவியைப் பெட்டிக்குள் வைத்து, எடைக்கல் கட்டிக் கடலடிக்கு இறக்குவோம். கல்லைப் பிடித்திருக்கும் பூட்டு சில நாளில் தானே திறந்தால் பெட்டி மிதந்து வரும். திறக்காவிட்டால் பெட்டியும் போச்சு, என் வேலையும் போச்சு. இருந்ததே ஒரு பெட்டிதான்.

பழைய பூட்டு துருப்பிடித்ததால், சொந்த ஊரான திண்டுக்கல்லுக்கு வந்து பூட்டுப் பட்டறைக்காரர் சவரிமுத்து அண்ணனிடம் பித்தளையில் ஒன்று கேட்டேன். உள்ளே ஓர் உப்புக்கட்டி. அது கரைந்ததும் பூட்டு திறக்க வேண்டும். அண்ணன் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏலே, திறக்காத பூட்டு வேணும்னுதான் திண்டுக்கல்லுக்கு வருவாக. தானாத் திறக்குற பூட்டு கேட்டு வந்த மொத ஆளு நீதான்."

வராத பெட்டி

சொன்ன நாளில் பெட்டி மேலே வரவில்லை. மறுநாளும் கடல் வெறுமனே கிடந்தது. அப்போதுதான் உறைத்தது. எண்ணெய் போடாமல் எந்தப் பூட்டையும் அண்ணன் பட்டறையை விட்டு அனுப்பமாட்டார். வழக்கம்போல உப்புக்கட்டிக்கும் சேர்த்துப் பூசிவிட்டார்! உப்பு எப்படிக் கரையும்?

கிளம்பலாம் என்று கப்பல் தலைவர் சொல்லி முடிப்பதற்குள், தூரத்தில் பெட்டி தலைகாட்டியது. என் கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் நின்ற தூத்துக்குடி மாலுமி நிதானமாகக் கேட்டார்:

"சாவியில்லாமலே திறக்குதே, இதை நம்பி வீட்டுல மாட்டலாமாடே?"

மெல்லிய ஓடு

பூட்டு அடம்பிடித்த நாட்களில்தான் தூரத்துத் தீவுப்பக்கம் பெரிய நிலநடுக்கம்! எல்லாம் நாடாவில் இருந்தது. அலைகள் வந்த வேகத்தை வைத்து எங்கள் ஆராய்ச்சியாளர் கணக்குப் போட்டார். நம் திண்டுக்கல் மலைக்கோட்டைக்கு அடியில் பூமியின் ஓடு எவ்வளவு தடிமனோ, அதில் கால்பங்குகூடக் கடலுக்கடியில் இல்லையாம். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அத்தனை தண்ணீரும் அதன்மேல்தான் நிற்கிறது.

ஊருக்கு வந்து அண்ணனிடம் சொன்னேன். அரத்தைக் கீழே வைத்தார்.

"இம்புட்டு மெல்லிசு ஓட்டுல அம்புட்டுத் தண்ணியையும் நிறுத்தியிருக்கான்னா, செஞ்சவன் பெரிய வேலைக்காரன்தான் அப்பு."

எண்ணெய் படாமல் அவர் செய்து கொடுத்த அடுத்த பூட்டு, சொன்ன நாளில் சரியாகத் திறந்து, உருப்படியாக ஒரு நடுக்கம்கூடப் பதியாத நாடாவோடு பெட்டியை மேலே அனுப்பிவைத்தது.