நிமிடத்துக்கு எழுபத்திரண்டு

ஐம்பத்து நான்கு வயதில் ஒரு தலையணைக்கு நாடி பார்த்தவன் நான். நிமிடத்துக்கு நூற்று நாற்பது என்று வந்தது. அதைவிட வெட்கக்கேடு, தலையணையைத் திருப்பிப் போட்டு இன்னொரு முறை பார்த்தேன், கொஞ்சமாவது இறங்குகிறதா என்று. இதைச் சொன்ன பிறகு மீதியை நீங்கள் எந்த அழகில் நம்புவீர்கள் என்று எனக்குத் தெரியும். பரவாயில்லை, உங்கள் இடத்தில் நான் இருந்தால் இதற்குள் எழுந்து போயிருப்பேன்.

எனக்குப் பேய், ஆவி, அதிர்வலை எதிலும் நம்பிக்கை கிடையாது. நம்புகிறவர்கள் மேல் மரியாதையும் கிடையாது. எங்கள் குடியிருப்பு வாட்ஸப் குழுவில் மாதம் ஒரு பேய் வரும். எப்போதும் வண்டலூர் தாண்டித்தான், எப்போதும் வெள்ளைப் புடவை, எப்போதும் பைக்கில் லிஃப்ட். ஷேர் ஆட்டோவில் ஏழு பேரோடு இடித்துக்கொண்டு, சில்லறைக்குச் சண்டை போட்டு இறங்கிய பேயை ஒருவரும் பார்த்ததில்லை. என் தொழில் எலக்ட்ரானிக் தராசு பழுது பார்ப்பது. மளிகைக் கடையிலிருந்து நகைக் கடை வரைக்கும், இது காட்டுகிற எண் உண்மை என்று கையெழுத்துப் போட்டே சோறு தின்றவன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் என்னைத் திட்ட உதவும்.

என் மனைவி சுகந்தி ஆரி வேலை செய்கிறவள். சேலையூரில் எங்கள் வீட்டு ஹாலில் சோபா இருக்க வேண்டிய இடத்தில் அவளுடைய மரச்சட்டம்தான் இருக்கிறது; பிளவுஸ் துணியை அதில் விறைப்பாகக் கட்டி, கொக்கி ஊசியால் ஜரிகையும் மணியுமாகக் கோத்துக்கொண்டே இருப்பாள். பக்கத்துத் தெரு ப்ரீத்திக்குக் கல்யாணம் முடிவானதும் ரிசப்ஷன் பிளவுஸ் சுகந்திக்கு வந்தது. முதுகு முழுக்கத் தோகை விரித்த மயில். அவளுக்கு அது முதல் பெரிய கல்யாண வேலை. அதோடு நின்றிருக்கலாம். ப்ரீத்தி போனை நீட்டினாள்.

"ஆன்ட்டி, இந்த ரீல்ஸ் பாருங்க. ஹார்ட் பீட்டுக்கு ஏத்த மாதிரி டிரெஸ்ல லைட் எரியுது. நம்ம மயிலுக்கு இந்த மாதிரி வைக்க முடியுமா?"

"எனக்கு அதெல்லாம் தெரியாதேம்மா" என்றாள் சுகந்தி.

"இதென்ன பெரிய விஷயம்?" என்று பேப்பருக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. என்னுடையதுதான்.

கற்றுக்கொள்ள குரோம்பேட்டையில் இரண்டு நாள் பயிற்சிக்குப் போனேன். கைவினையையும் எலக்ட்ரானிக்ஸையும் சேர்க்கிறார்களாம். தண்ணீர் குடிக்கச் சொல்லி அதிரும் வளையல், கோபம் வந்தால் சிவக்கும் குரோஷா தொப்பி. கோபம் வந்தால் முகம் தானாகவே சிவக்கும், அதற்குச் சார்ஜ் போட வேண்டாம், இதை அங்கே யாரிடமும் சொல்லிப் பயனில்லை. குடுமி வைத்த வாத்தியார் "எதிர்காலத்தை உடுத்துங்கள்" என்றார். அவர் உடுத்திய எதிர்காலம் மதியச் சாப்பாட்டுக்குள் அணைந்துவிட்டது. ஆனாலும் மின்சாரம் கடத்தும் நூல் ஒரு கண்டு, மிளகு அளவு பல்புகள், சட்டைப் பொத்தான் அளவில் ஒரு மூளை, நாடி பார்க்கும் சென்சார் ஒன்று, எல்லாம் வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஜரிகையும் மின்சாரம் கடத்தும் என்பது முப்பது வருஷம் மின்சாரத்தோடு புழங்கிய எனக்குத் தோன்றவே இல்லை. சுகந்தி ஆறு வாரம் விரலில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு போட்ட தங்க ஜரிகை முழுவதும் என் நூலோடு உரசி, சென்சார் சொல்வது ஒன்று, மயில் காட்டுவது ஒன்று என்று ஆனது. சோதித்துப் பார்க்கப் பிளவுஸைத் தலையணைக்கு மாட்டி, நூற்று நாற்பது வந்தது அந்த வாரத்தில்தான். ரிசப்ஷனுக்கு முந்தின நாள் எப்படியோ சரியானது போல் இருந்தது. அதை நம்பிக் கேம்ப் ரோடு மண்டபத்துக்கு எடுத்துப் போனோம்.

சாயங்காலம் நாலு மணி. மேக்கப் அறையில் ப்ரீத்தி போட்டுப் பார்த்தாள். மயில் வெறி பிடித்தது போல மின்னியது.

"என்ன ஆன்ட்டி, ஆம்புலன்ஸ் மாதிரி அடிக்குது?"

"மேடம், எனக்கு அடுத்த பார்ட்டி பல்லாவரத்துல இருக்கு" என்றாள் மேக்கப் போடுகிற பெண்.

சுகந்தி என்னைப் பார்த்தாள். இருபத்தாறு வருஷக் கல்யாண வாழ்க்கையில் அந்தப் பார்வைக்கு நான் பயப்படாத நாள் இல்லை.

"பத்தே நிமிஷம்" என்று பிளவுஸை வாங்கிக்கொண்டு காருக்கு ஓடினேன். அங்கே நான் செய்ததுதான் மோசடி. லேப்டாப்பைத் திறந்தேன், சென்சாரை நாலு தையல் வெட்டிப் பிய்த்துச் சட்டைப் பையில் போட்டேன், மூளைக்குப் புது உத்தரவு எழுதினேன். யாருடைய நாடியும் பார்க்காதே, நிமிடத்துக்கு எழுபத்திரண்டு முறை எரிந்து எரிந்து அணை, அவ்வளவுதான். எழுபத்திரண்டு ஏன் என்றால் பள்ளிக்கூடப் புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருந்தது. ஒரு மணப்பெண்ணின் முதுகை நிமிடக் கணக்குப் போட்டு எண்ணிப் பார்க்க எவனுக்கு நேரம் இருக்கிறது?

ஒருவனுக்கு இருந்தது.

ஏழரை மணிக்கு மண்டபம் நிரம்பியது. மயில் நிதானமாக எழுபத்திரண்டு அடித்துக்கொண்டிருந்தது. வீடியோக்காரர் பின்னாலிருந்து எடுத்துப் பெரிய திரையில் விடாமல் காட்டினார். முன்வரிசையில் இரண்டு அம்மாக்கள் சுகந்தியிடம் போன் நம்பர் வாங்கிவிட்டார்கள். "எல்லாம் இவர் பண்ணினது" என்று அவள் என்னைக் காட்டினாள். நான் பணிவாகச் சிரித்தேன், திருடனுக்கு அது இயல்பாக வரும். அப்போது மாப்பிள்ளையின் ஆபீஸ் தோழன் ஒருவன், கோட்டு போட்டவன், கையில் மைக் கிடைத்தால் திருப்பித் தராத ரகம், மேடை ஏறினான்.

"ஹலோ ஹலோ, எல்லாரும் இங்க பாருங்க! சிஸ்டர் போட்டிருக்கறது ஸ்மார்ட் பிளவுஸாம், ஹார்ட் பீட்டை அப்படியே காட்டுதாம். நான் நம்பல. டேய் மச்சான், உன் வாட்சைக் கழட்டி அவங்க கையில கட்டு. நிஜமா டூப்பான்னு இப்பவே பார்த்துடுவோம்!"

மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே கட்டினான். வாட்ச் நூற்று நான்கு காட்டியது. அத்தனை பேர் பார்க்கும்போது எந்தப் பெண்ணுக்கும் அவ்வளவு அடிக்கும்.

"நூத்தி நாலு! அரை நிமிஷம் எண்ணுவோம், அம்பத்திரெண்டு வரணும்! ரெடியா?"

"நல்லா எண்ணட்டும்" என்று சுகந்தி நிமிர்ந்து உட்கார்ந்தாள். பிளாஸ்திரி போட்ட விரல் என் முழங்கையில் இருந்தது. என் மயில் அரை நிமிடத்துக்கு முப்பத்தாறுதான் அடிக்கும். முப்பத்தாறில் சுகந்தியின் பெயர் கேம்ப் ரோட்டில் முடிந்தது. முன்வரிசை அம்மாக்கள் நம்பரை அழிப்பார்கள். மயிலுக்கு உழைத்தவள் அவள், அதற்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடுத்தவன் நான் என்று பிரித்துப் பார்க்க அங்கே யாருக்கும் பொறுமை இராது. எனக்கு நெஞ்சு காதுக்குள் அடித்தது.

மேடைத் திரையின் மூலையில் முப்பது விநாடிக் கடிகாரம் ஓட, மண்டபமே சேர்ந்து எண்ணியது. முப்பத்தஞ்சு, முப்பத்தாறு என்று கத்தும்போது நான் கண்ணை மூடிக்கொண்டேன். முப்பத்தேழு என்றார்கள். திறந்தேன். மேடைத் திரையில் இன்னும் ஒன்பது விநாடி மிச்சம் இருந்தது. நாற்பது, நாற்பத்தைந்து, மயில் போய்க்கொண்டே இருந்தது, ஐம்பத்திரண்டில் மணி அடித்தது.

கைதட்டல். "இன்ஜினியர் அங்கிள் எங்கே? எழுந்து நில்லுங்க!" என்றான் கோட்டு. எழுந்து நின்றேன். நிற்கும்போதே திரையில் மயில் இன்னும் வேகமாக அடித்தது. உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் மெதுவானது.

நான் எழுதிய உத்தரவு தானாக மாறாது. வெயிலுக்கு ஓடி நிழலுக்கு நிற்க அது நாய் அல்ல. சரி, எங்கோ ஜரிகை உரசிப் பெண்ணின் நாடியைப் பிடிக்கிறது என்று எனக்கு நானே ஒரு முட்டாள் விளக்கம் சொல்லிக்கொண்டேன். ஆனால் ப்ரீத்தி உட்கார்ந்து ஜூஸ் குடித்துக்கொண்டிருந்தாள். எழுந்ததும் உட்கார்ந்ததும் நான்தான். சோதித்துப் பார்க்க வெளியே போனேன். இதை எந்த முகத்தோடு சொல்வது, மண்டபத்துக் கார் நிறுத்தத்தைப் பட்டு வேட்டியோடு மூன்று சுற்று ஓடினேன். வாட்ச்மேன் நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"இன்னா சார், எவனா தொரத்திகினு வர்றானா?"

"இல்லப்பா, சும்மா."

"சும்மாவா? பந்தி இன்னும் போடல சார், மெதுவா போ."

மூச்சு வாங்கக் கதவருகே வந்து திரையைப் பார்த்தேன். மயில் மூச்சு வாங்கியது. அந்தப் பெண் அசையாமல் போட்டோவுக்குச் சிரித்துக்கொண்டிருந்தாள், அவள் முதுகில் அது ஓடி வந்தவன் மாதிரி அடித்தது. என் மணிக்கட்டில் கட்டை விரலை வைத்தேன். இரண்டும் ஒன்றாகவே போயின. இன்னொன்றும் கவனித்தேன். ஏழெட்டு அடிக்கு ஒருமுறை என் நாடி ஒன்றை விட்டுவிட்டு, அடுத்ததை ஓங்கி அடித்தது. அப்படி ஒரு பழக்கம் அதற்கு இருப்பது எனக்கு அதுவரை தெரியாது. திரையில் மயிலும் ஒன்றை விட்டது, அடுத்ததில் கூடுதல் வெளிச்சமாக எரிந்தது.

சென்சார் என் சட்டைப் பையில் இருந்தது. இடது பக்கம். கரண்டு இல்லை, கம்பி இல்லை, வெட்டின நூல் மூன்று மீசை போல நீட்டிக்கொண்டிருந்தது. அதை எடுத்து நாற்காலியில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று நினைத்தேன், கை பை வரைக்கும் போனது, எடுக்கவில்லை. எடுத்தால் நின்றுவிடுமோ என்று பயம். இரண்டில் எது நிற்கும் என்று தெரியவில்லை, அதுதான் பயம்.

ஒன்பதரைக்கு ப்ரீத்தி உடை மாற்றி, பேட்டரியைக் கழற்றித் தரச் சொல்லிப் பிளவுஸை நீட்டினாள். மயில் அப்போதும் துடித்துக்கொண்டுதான் இருந்தது. பேட்டரியில் நகத்தை வைத்தபடி நின்றேன்.

"என்ன யோசனை? எடுங்க, சீக்கிரம்" என்றாள் சுகந்தி.

முப்பது வருஷத்தில் ஆயிரம் பேட்டரி கழற்றியிருப்பேன், கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு குலதெய்வத்தை நினைத்துக் கழற்றியது அது ஒன்றுதான். மயில் அணைந்தது. நான் அணையவில்லை. வீட்டுக்கு வந்து லேப்டாப்பைத் திறந்து பார்த்தேன், எழுதினது எழுதினபடி இருந்தது: எழுபத்திரண்டு.

யாரிடமும் சொல்லவில்லை. நாடி ஒன்றை விடுவது மட்டும் உறுத்திக்கொண்டே இருந்ததால், ஒரு மாதம் கழித்து டாக்டரிடம் போனேன். நெஞ்சில் ஒயர் ஒட்டி டிரெட்மில்லில் ஓட விட்டார்கள். "பயப்பட ஒண்ணுமில்ல சார், நிறைய பேருக்கு இருக்கிறதுதான், காபியைக் கொறைங்க" என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது சுகந்தி போனில் இருந்தாள். ஸ்பீக்கரில் ப்ரீத்தி, கல்யாணமாகிச் சிங்கப்பெருமாள் கோவில் என்கிற ஊரில் இருக்கிறாள்.

"ஆன்ட்டி, பிளவுஸ்ல பேட்டரி எடுத்துட்டீங்கதானே?"

"எடுத்தாச்சேம்மா, இவர் டிராயர்ல இருக்கு. ஏன்?"

"இன்னிக்கி மாமியாருக்குக் காட்டலாம்னு பீரோவைத் தொறந்தேன். கவருக்குள்ள லைட் எரியுது ஆன்ட்டி. சும்மா தடதடன்னு அடிச்சுது, நாங்க பார்க்கப் பார்க்க மெதுவாகி, அப்புறம் நின்னுடுச்சு. மாமியார் சூடமே கொளுத்திட்டாங்க."

"எத்தனை மணி இருக்கும்?" என்று நான் கேட்டேன்.

"பதினொண்ணே கால் இருக்கும் அங்கிள்."

கையிலிருந்த ரிப்போர்ட்டைப் பிரித்தேன். மலையும் பள்ளமுமாகக் கோடு, தலைப்பில் நேரம் அச்சாகியிருந்தது. பதினொன்று பதினான்கு.

அந்தக் காகிதம் இன்னும் இருக்கிறது, வேண்டுமானால் வந்து பாருங்கள். விளக்கம் மட்டும் கேட்காதீர்கள். தாம்பரம் ஸ்டேஷன் மேம்பாலப் படியேறி மூச்சு வாங்க நிற்கும்போதெல்லாம், பூட்டின ஒரு பீரோவுக்குள் இந்நேரம் என்ன நடக்கிறதோ என்று நினைத்துக்கொள்கிறேன். நினைத்ததும் இன்னும் வேகமாக அடிக்கிறது. அங்கே அவர்கள் மறுபடி சூடம் தேடுவார்கள்.

போன் வந்த அன்று ராத்திரி சாப்பாட்டின்போது சுகந்தியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்: சென்சாரை வெட்டியது, எழுபத்திரண்டு, கார் நிறுத்தத்தில் ஓடியது, மணிக்கட்டு, ரிப்போர்ட். சாம்பார்க் கரண்டியை வைத்துவிட்டு முழுக்கக் கேட்டாள். ஏமாற்றினதற்குத் திட்டுவாள், அல்லது என் உயிரை நினைத்துக் கொஞ்சம் கலங்குவாள் என்று காத்திருந்தேன்.

"இதை ப்ரீத்திகிட்ட மட்டும் சொல்லித் தொலைச்சுடாதீங்க" என்றாள். "முதுகுல அடிச்சது உங்க ஹார்ட்டுன்னு தெரிஞ்சா அப்பவே பிளவுஸைக் கொண்டுபோய்த் தண்ணியில முக்கிடுவா. ஆரி வேலை, தண்ணி பட்டா போச்சு."