பிரௌசிங் சென்டரில் சாம்பிராணிப் புகை

நண்பர்களே, இன்று உத்திரமேரூர் பிரௌசிங் சென்டரில் ஓர் உயிரைக் காப்பாற்றிவிட்டு, அதே கம்ப்யூட்டரில் இதைத் தட்டுகிறேன்.

தங்கை மகள் நிலாவுக்கு ஆஸ்துமா. சென்னை நர்ஸ் அம்மா ஒருவர் வெள்ளிக்கிழமைகளில் ஆன்லைனில் பேசி யோசனை சொல்வார். நிலாவைப் பக்கத்தில் உட்காரவைத்து ஹெட்செட்டை மாட்டினேன். அந்த நேரம் பார்த்து, கடை கடையாகச் சாம்பிராணி போடுகிற பாய் உள்ளே வந்தார்.

"பாய், கொழந்தைக்குக் கண்ணு பட்டுகீது. நல்லா போடு!" என்றேன்.

பாயும் மயிலிறகால் தாராளமாக விசிறினார்.

நிலாவுக்கு இழுக்க ஆரம்பித்தது. உதடு வெளுத்துவிட்டது. "மாமா... முடில" என்றாள்.

"அங்க புகை ஏதாவது இருக்கா?" என்றார் நர்ஸ் அம்மா.

"சாம்பிராணிதாம்மா. சாமி பொகை, ஒண்ணும் பண்ணாது."

"எந்தப் புகையும் ஆகாது சார்! குழந்தைய வெளிய தூக்குங்க. நிமிர்த்தி உக்கார வச்சு இன்ஹேலர் குடுங்க. அடங்கலன்னா ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க!"

புயலாகத் தூக்கினேன். ஹெட்செட்டும் வயரோடு கூடவே வந்தது. வாசற்படியில் உட்காரவைத்து, அவள் பையிலிருந்த இன்ஹேலரைக் குலுக்கி, மருந்து இழுக்கும் குழாயில் பொருத்தி, அவள் வாயில் வைத்து அழுத்தினேன். பஸ் ஸ்டாண்டே மூச்சு விடாமல் பார்த்தது.

மெல்ல மெல்ல இழுப்பு அடங்கியது.

"இன்னா சார், நீதானே நல்லா போடுன்ன?" என்றார் பாய், சட்டியில் தண்ணீர் ஊற்றியபடி.

நிலா என் சட்டையைப் பிடித்தாள். "மாமா, இனிமே எனக்குக் கண்ணு கழிக்காதே."

இழுப்பு வருகிற குழந்தைகள் வீட்டில் இருந்தால், தயங்காமல் என்னிடம் கேளுங்கள். பாயிடம் மட்டும் விசாரிக்காதீர்கள்.